தோலில் வரும் லிம்போமா: மூன்றாவது பயாப்ஸிக்குப் பிறகு எழும் கேள்விகள்

கேள்வியைச் சுருக்கமாக இங்கே தருகிறேன். கேட்டவருடைய அப்பாவுக்கு வயது 58. இடுப்புக்குக் கீழும் தொடையின் உட்புறமும் ஐந்து வருடமாகத் திட்டுகள். ஒருவர் கரப்பான் என்றார், இன்னொருவர் படர்தாமரை என்றார், வேறொருவர் காளாஞ்சகப்படை என்றார். இரண்டு முறை பயாப்ஸி எடுத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவதில் ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்’ என்று வந்திருக்கிறது. 1ஏ நிலை என்கிறார்கள். இது பூஞ்சையா, புற்றுநோயா? ஐந்து வருடம் வீணாகிவிட்டதா? புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருத்துவர் களிம்பும் ஒளி சிகிச்சையும் மட்டும் எழுதியிருக்கிறாரே, உடனே கீமோ கொடுக்க வேண்டாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தூக்கம் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். கீமோ வேண்டாம். இந்த நிலைக்குக் களிம்பும் ஒளியும்தான் சரியான சிகிச்சை. உங்கள் மருத்துவர் அலட்சியமாக இல்லை. இந்த நோயைத் தெரிந்தவர் செய்வதைத்தான் செய்திருக்கிறார். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

இப்போது பெயர். 1806-இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ழான் லூயி அலிபெர் என்ற தோல் மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். நோய் முற்றி, உடம்பெங்கும் காளான் முளைத்ததுபோலக் கட்டிகள். அந்தத் தோற்றத்தை வைத்துத்தான் 1832-இல் இந்தப் பெயரைக் கொடுத்தார். நோய்க்கும் பூஞ்சைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் மட்டும் இருநூறு வருடமாக ஒட்டிக்கொண்டு, ரிப்போர்ட்டைப் படிக்கிறவர்களையெல்லாம் குழப்பிக்கொண்டிருக்கிறது. பூஞ்சைக் களிம்பு எத்தனை டியூப் பூசினாலும் இது அசையாது.

உண்மையில் இது வெள்ளையணுக்களில் வரும் கோளாறு. தோலில் காவல் சுற்றுவதற்கென்றே டி-செல் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, தன்னைப் போலவே பிரதிகளைப் பெருக்கிக்கொண்டு, தோலிலேயே தங்கிவிடுகிறது. அதனால் இது லிம்போமாதான், புற்றுநோய் வகையில் சேர்ந்ததுதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனதில் வரும் நோய் இதுவல்ல. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தோலின் மேல்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. அரிய நோய்: ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய 6 பேருக்குப் புதிதாக வருகிறது. தோலிலேயே தொடங்கும் லிம்போமாக்கள் பல உண்டு; அவற்றில் பாதி இதுதான். ஒட்டுவாரொட்டி கிடையாது. அப்பாவின் துண்டை யார் பயன்படுத்தினாலும், பேரக்குழந்தை மடியில் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது. அவர் சாப்பிட்ட எதுவும், செய்த எதுவும் இதைக் கொண்டுவரவில்லை.

ஐந்து வருடம் ஏன் ஆயிற்று? பல நாடுகளின் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில், ஆரம்பநிலை நோயாளிகளுக்கே முதல் திட்டு தோன்றியதிலிருந்து நோய் உறுதியாகும் வரை ஏறக்குறைய 3 ஆண்டு ஆகிறது என்று தெரியவந்தது. பத்து, இருபது வருடம் கழித்துத் தெரிந்தவர்களும் உண்டு. ஆரம்பத்தில் கெட்ட செல்கள் விரல்விட்டு எண்ணும் அளவில், சாதாரண அழற்சிச் செல்களின் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அதோடு, அரிப்புக்கென்று பூசும் ஸ்டீராய்டு களிம்பு அந்தச் சிலவற்றையும் கலைத்துவிடும். திட்டு வெளுத்துவிடும், களிம்பை நிறுத்தியதும் அதே இடத்தில் திரும்ப வரும். இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் ரிப்போர்ட்டில் எழுத மாட்டார்கள். இது வருவது பெரும்பாலும் உடைக்குள் மறைந்திருக்கும் இடங்களில். பிட்டம், அடிவயிறு, தொடையின் உட்புறம், மார்பின் கீழ்ப்பகுதி, மேல்கையின் உட்புறம் என்று வெயில் படாத இடங்கள்தான். கூச்சப்பட்டு ஓரத்தை மட்டும் விலக்கிக் காட்டுவார்கள். மருத்துவரும் அந்த ஓரத்தைப் பார்த்து மருந்து எழுதிவிடுவார்.

முழு உடம்பையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கும்போது படம் மாறும். கரப்பான் என்றால் பொங்கும், வடியும், இடம் மாறும். இது அதே இடத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஒன்று உள்ளங்கை அளவு, ஒன்று நாணய அளவு, ஒன்று நீள்வட்டம், ஒன்று பிறை என்று வடிவத்துக்கு ஒழுங்கே இருக்காது. நான் கட்டாயம் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு: திட்டின் இரு பக்கமும் விரலை வைத்து மெதுவாக நெருக்கினால், மேல்தோல் வெங்காயச் சருகுபோல நுண்ணிய சுருக்கங்களாக மடியும். பக்கத்தில் உள்ள நல்ல தோல் அப்படி மடியாது. ஸ்டீராய்டு களிம்பை நீண்ட நாள் பூசினாலும் தோல் மெலியும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலின் படங்களே இருப்பதால் ‘சிவந்த திட்டு’ என்று படித்துப் பழகிவிட்டோம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. பழுப்பாகவோ சாம்பல் பூத்தோ இருக்கும். சிலருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும், நிறம் வெளுத்த திட்டாகவே வரும். தேமல் என்றும் வெண்புள்ளி என்றும் நினைத்து வருடங்கள் ஓடிவிடும். தொழுநோயோ என்ற பயமும் வரும். ஆனால் அதில் திட்டின் மேல் உணர்ச்சி குறைந்திருக்கும், இதில் குறையாது. வெளுத்த வகைக்குப் பொதுவாக நல்ல எதிர்காலம் உண்டு, ஒளிக்கும் நன்றாகக் கட்டுப்படும். எதிர்மாறாக, மயிர்க்கால்களைப் பிடிக்கும் வகை ஒன்று இருக்கிறது. முகத்திலும் தலையிலும் வரும், புருவம் உதிரும், அரிப்பு தாங்காது. செல்கள் ஆழத்தில் இருப்பதால் களிம்பும் ஒளியும் அங்கே எட்டாது. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் அந்த வகை என்று குறிப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

இனி பயாப்ஸி. முதல் இரண்டும் ‘தவறாக’ப் போனதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் எடுத்த நேரமும் இடமும்தான் சரியாக அமைந்திருக்காது. பூசும் ஸ்டீராய்டை 2 முதல் 4 வாரம் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் எடுக்காமல், இரண்டு மூன்று திட்டுகளில், இருப்பதிலேயே தடித்த இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். மெல்லிய திட்டாக இருந்தால் சிறு துளைபோலக் குடைவதைவிட அகலமாகச் சீவி எடுப்பது நல்லது, மேல்தோலின் நீளம் கூடுதலாகக் கிடைக்கும். முக்கியமாக, கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவருக்கு முழுக் கதையும் போய்ச் சேர வேண்டும். ‘அரிப்பு, கரப்பானா?’ என்ற இரண்டு சொல்லோடு மாதிரியை அனுப்பினால், அதற்குத் தகுந்த பதில்தான் வரும். எத்தனை வருடமாக இருக்கிறது, எங்கே, என்ன பூசினார்கள், இரண்டு புகைப்படம். இவ்வளவு போதும், அவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

அவர் பார்ப்பது என்ன? மேல்தோலை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிவரிசையில், செங்கல்லுக்குச் செங்கல் இடையில், கருத்த உருண்டை அணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். சில இடங்களில் நாலைந்து கூடி ஒரு சிறு பொந்துக்குள் இருப்பதுபோலத் தெரியும். அதற்குப் போட்ரியே நுண்கட்டி என்று பெயர். கரப்பானிலும் வெள்ளையணுக்கள் மேலே ஏறும். ஆனால் அங்கே சுவர் முழுக்க நீர்க்கசிவு இருக்கும், செங்கற்கள் ஊறி விலகி நிற்கும். இங்கே சுவர் காய்ந்தே இருக்கிறது, அணுக்கள் மட்டும் ஏறியிருக்கின்றன. இன்னும் பெரிதாக்கினால் அவற்றின் கரு மூளையின் மடிப்புபோல வளைந்து நெளிந்திருக்கும். ஆரம்பத்தில் ஒரு முழுத் தகட்டில் இப்படி நாலு செல்தான் இருக்கும். நானே பலமுறை ஒரு தகட்டை எடுத்து வைத்து, மறுநாள் மறுபடி பார்த்து, அப்போதும் முடிவு செய்ய முடியாமல் ‘இன்னொரு மாதிரி அனுப்புங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். நோயாளிக்கு அது எரிச்சலாக இருக்கும் என்று தெரியும். தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால் அதைவிடப் பெரிய கெடுதல்.

அடுத்தது சாயப் பரிசோதனை. டி-செல்லின் மேல்பரப்பில் இருக்கும் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சாயம் ஏற்றிப் பார்ப்பது. சி.டி.3, சி.டி.4, சி.டி.8 என்று எண்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல டி-செல்லில் இருக்க வேண்டிய சி.டி.7, சி.டி.5 போன்றவை இங்கே காணாமல் போயிருந்தால் சந்தேகம் வலுக்கும். சி.டி.7 மட்டும் குறைந்தால் போதாது, சாதாரண அழற்சியிலும் அது குறையும். கடைசியாக மரபணுச் சோதனை: அங்கே இருக்கும் டி-செல்கள் பல குடும்பங்களைச் சேர்ந்தவையா, ஒரே செல்லின் வாரிசுகளா என்று பார்ப்பது. ஒரே குடும்பம் என்று வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. கெடுதலில்லாத சில தோல் நோய்களிலும் அப்படி வரும். வலதுத் தொடையில் கண்ட அதே குடும்பம் இடதுப் பிட்டத்திலும் இருந்தால்தான் அதற்கு எடை கூடும். அதனால்தான் 2005-இல் சர்வதேச வல்லுநர் குழு ஒன்று, தோலின் தோற்றம், திசுவின் தோற்றம், சாயம், மரபணு ஆகிய நான்கிற்கும் புள்ளிகள் கொடுத்து, 4 புள்ளி சேர்ந்தால் நோய் என்று ஒரு முறையை வகுத்தது. ஒரு ரிப்போர்ட் தனியாகத் தீர்ப்பு சொல்ல முடியாத நோய் இது. உங்களுக்கு ஒரு யோசனை: முதல் இரண்டு பயாப்ஸியின் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளைப் பெரும்பாலான ஆய்வகங்கள் பத்திரமாக வைத்திருக்கும். அவற்றையும் மூன்றாவதையும் சேர்த்து, தோல் லிம்போமாவில் பழக்கமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கதை தெளிவாகும்.

இந்த ஐந்து வருடத்தில் அப்பாவுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரையோ ஊசியோ கொடுத்தார்களா என்று பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். சைக்ளோஸ்போரின் இந்த நோயை வேகப்படுத்தக்கூடியது. கரப்பானுக்கு இப்போது பரவலாகப் போடும் டுபிலுமாப் ஊசிக்குப் பிறகு, ஒளிந்திருந்த மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் திடீரென வெளிப்பட்டதாகப் பல பதிவுகள் உண்டு. கரப்பான் என்ற முடிவே முதலில் தவறாக இருந்திருக்கலாம் என்பதும் அதில் ஒரு பகுதி. பெரியவர்களுக்குப் புதிதாக வரும், மருந்துக்கு அடங்காத ‘கரப்பானுக்கு’ அந்த ஊசியைப் போடும் முன் ஒரு பயாப்ஸி எடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சரி, 1ஏ என்றால் என்ன? விரல்களோடு சேர்த்து நோயாளியின் உள்ளங்கை, உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். எத்தனை உள்ளங்கை அளவுக்குத் திட்டு இருக்கிறது என்று கணக்கிட்டு, 10 சதவீதத்துக்குள் இருந்தால், நெறி கட்டாமல், இரத்தத்திலும் கெட்ட செல் குறிப்பிடும் அளவில் இல்லாமல் இருந்தால், 1ஏ. பத்தைத் தாண்டினால் 1பி. 1 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ கட்டி எழும்பினால் 2பி. உடம்பில் 80 சதவீதம் சிவந்து உரிந்தால் 3. இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000 கெட்ட செல்லுக்கு மேல் போனாலோ, நிணநீர்க் கணுக்களை முழுக்க ஆக்கிரமித்தாலோ, உள்ளுறுப்புக்குப் போனாலோ 4. இரத்தமும் தோலும் சேர்ந்து பாதிக்கப்படும் வடிவத்தை 1938-இல் ஆல்பெர் செஸாரி விவரித்தார், அவர் பெயரிலேயே செஸாரி நோய் என்கிறோம். 1ஏ நிலைக்குப் பொதுவாக எலும்பு மஜ்ஜைச் சோதனையோ பெரிய ஸ்கேனோ தேவைப்படாது. நெறி கட்டியிருக்கிறதா என்று கையால் பார்ப்பது, இரத்தப் பரிசோதனை, இவை போதும்.

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 1,502 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், 1ஏ நிலையில் இருந்தவர்களில் ஐந்து ஆண்டு கழித்தும் இந்த நோயால் உயிரிழக்காமல் இருந்தவர்கள் 98 சதவீதம். 2பி நிலையில் அது 56. இடைவெளி பெரியது, அதனால்தான் நிலை என்ன என்பதை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறோம். 1ஏ நிலையில் உள்ள ஒருவரின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளிலிருந்து பெரிதாக மாறுவதில்லை. ஐந்து வருடம் கழித்தும் அப்பா 1ஏ நிலையிலேயே இருக்கிறார் என்றால், அவருடைய நோய் மெதுவாக நகரும் வகை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கீமோ விஷயத்துக்கு வருகிறேன். ‘ஆரம்பத்திலேயே பலமாக அடித்தால் வேரோடு போய்விடாதா’ என்ற எண்ணம் மருத்துவர்களுக்கும் இருந்தது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 103 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு உடல் முழுக்க எலக்ட்ரான் கதிரும் பல மருந்து கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். மறு பாதிக்குத் தோலுக்கு மட்டுமான சிகிச்சையில் தொடங்கி, தேவைப்பட்டபோது அடுத்ததற்குப் போனார்கள். 1989-இல் முடிவு வெளியானது. கடுமையான சிகிச்சையில் திட்டுகள் அதிகம் பேருக்கு மறைந்தன. ஆனால் ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. கீமோ வேகமாகப் பிரியும் செல்களைக் கொல்லும். இந்தச் செல்களோ மெதுவாகப் பிரிந்து, நீண்ட காலம் வாழ்பவை. அதோடு கீமோ, நோயை அடக்கி வைத்திருக்கும் நல்ல வெள்ளையணுக்களையும் அழித்துவிடும். காவலை நாமே எடுத்துவிட்டதுபோல ஆகிவிடும்.

களிம்பில் முதலாவது குளோபெட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு. அடுத்து மெக்ளோரெத்தமின் ஜெல், 0.016 சதவீதம். இது பழைய கீமோ மருந்துதான், ஆனால் களிம்பாகப் பூசும்போது பூசும் இடத்தோடு நின்றுவிடும். பலருக்குத் தோல் சிவந்து எரியும்; பயந்து தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் இடைவெளி விட்டுப் பூசச் சொல்வார். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், வேறொருவர் பூசிவிட்டால் கையுறை கட்டாயம். ஒளியில், மெல்லிய திட்டுகளுக்கு 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறும்பட்டை புற ஊதா பி கதிர் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாது, அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். தடித்த திட்டுகளுக்கு, தோலில் ஒளி கூடுதலாக வேலை செய்ய வைக்கும் சோராலென் மாத்திரையோடு புற ஊதா ஏ கதிர். அன்று முழுக்க கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி அவசியம். தொடை இடுக்கிலும் பிட்டத்தின் நடுவிலும் ஒளி விழாது, அங்கே களிம்புதான். எதற்கும் அடங்காத ஓரிரு திட்டுக்கு, இரண்டே தவணையில் மொத்தம் 8 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கதிர்வீச்சு அருமையாக வேலை செய்யும். இந்தச் செல்களுக்குக் கதிர் என்றால் ஆகாது.

முற்றிய நிலைக்கான மருந்துகளை இங்கே விரித்தால் வீண் பயம்தான் வரும், இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பெக்ஸரோடின் மாத்திரை (தைராய்டும் கொழுப்பும் அடிக்கடி பார்க்க வேண்டும்), இன்டர்ஃபெரான், குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட், பிரென்டுக்சிமாப், இரத்தத்தில் பரவியவர்களுக்கு மோகாமுலிசுமாப். இரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளையணுக்களை ஒளியில் காட்டித் திரும்ப ஏற்றும் முறையும் 1987 முதல் இருக்கிறது. உடல் முழுக்க எலக்ட்ரான் கதிரை முன்பு 30 கிரேக்கு மேல் கொடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் 12 கிரே. பலன் அவ்வளவு நாள் நீடிக்காது, ஆனால் தோலுக்குத் துன்பம் குறைவு, தேவைப்பட்டால் திரும்பவும் கொடுக்கலாம்.

திட்டுகள் மறைந்த பிறகு சில மாதத்திலோ சில வருடத்திலோ ஒன்றிரண்டு திரும்ப வரலாம். அதைச் சிகிச்சை தோற்றதாக நினைக்காதீர்கள். சர்க்கரை நோயைப்போல, இரத்த அழுத்தத்தைப்போல, கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழும் நோய் இது. முன்பு கேட்ட அதே சிகிச்சை பெரும்பாலும் மறுபடியும் கேட்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது: குளித்த ஈரத்தோடு வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பு. அரிப்புக்குச் சாதாரண ஒவ்வாமை மாத்திரை பலருக்குப் பலன் தராது. கபாபென்டின், மிர்டசபின் போன்றவை உதவும், கேளுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படம் எடுத்து வையுங்கள். இருக்கும் திட்டு திடீரெனத் தடித்தாலோ, புதிதாகக் கட்டியோ புண்ணோ வந்தாலோ, கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டி இறங்காமல் இருந்தாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள். புதுக் கட்டியென்றால் மறுபடி பயாப்ஸி எடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் செல்கள் பெரிதாக உருமாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோல் வெடித்துக் காய்ச்சலும் வந்தால் அன்றே காட்டுங்கள். முற்றிய நிலையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வெடிப்பு வழியாக நுழையும் கிருமிதான்.

அப்புறம், அடுத்த முறை போகும்போது அப்பாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். தலை முதல் கால் வரை, உள்ளாடைக்குள்ளும் சேர்த்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மகள் பக்கத்தில் இருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தால் நீங்கள் வெளியே நின்றுகொள்ளலாம்.